வேளாங்கண்ணிக்கு மாறிய கலியாணம்

கனடாவின் ஒஷாவாவில் இரண்டு நாள் கூலிவேலை முடிந்து, ரூஜ் பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒருவர் சொன்னது என்னை எழுப்பிவிட்டது.

“அம்மா மாதாவின்ர பேரில பொய் நேர்த்தி சொல்லிப்போட்டா, அன்ரி.”

அவருக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி மடியிலிருந்த மரக்கறிப் பையை இறுக்கிப் பிடித்தார்.

“ஐயோ, ஏன் தம்பி?”

“தங்கச்சிக்கு ஊரில கலியாணம். அப்பா இல்லை, நான்தான் அவளைக் கோயிலுக்குள்ள கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும். ஆனால் நான் மன்னாருக்குப் போகேலாது.”

“உன்னட்டை இஞ்ச நிரந்தரமா இருக்கிறதுக்கு பி.ஆர். காட் இருக்குத்தானே?”

“ஓம். ஊரில உயிருக்குப் பயம் எண்டு அகதியாக் கேட்டு எடுத்த காட். திரும்ப அங்க போனால், இனிப் பயமில்லைத்தானே எண்டு அதைப் பறிச்சு, ஆளையும் அனுப்பிப்போடலாமாம். லோயர் சொன்னவர்.”

“அப்ப சிட்டிசன் எடுத்துப்போட்டுப் போவன்.”

“அதுக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பொறுக்கவும் மாட்டினமாம், இடத்தை மாத்தவும் மாட்டினமாம். வேளாங்கண்ணியில கட்டிவைக்கிறதா நேர்த்தி எண்டு அம்மா ஒரு போடு போட்டா. நேர்த்தி எண்டால் ஆர் மறுக்கிறது? எனக்கு இந்தியா விசாவும் வந்திட்டுது.”

அன்ரி சிரித்தார். “மாதா கோவிக்கமாட்டாவே?”

“அதுக்குத்தான் அம்மா உண்மையாவே ஒண்டு நேர்ந்திருக்கிறா. கலியாணத்தண்டு காலமை எனக்கு மொட்டை.”

“கலியாண வீடியோவில மொட்டையோடயோ!”

அவர் ஜெல் பூசி வாரியிருந்த தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“பரவாயில்லை அன்ரி. தலைமயிர் திரும்ப வளரும். காட் வளருமே?”