மூக்கு ஒழுகாத படம்

பனியில் சறுக்குகிற எல்லோருக்கும் மூக்கு ஒழுகும், ஷெரிஃப். உங்களுக்கும் ஒழுகும். எங்கள் பனிச்சறுக்குப் பத்திரிகையில் மட்டும் யாருக்கும் ஒழுகாது.

நெடுங்காலமாக அதற்குப் படம் எடுக்கிறேன். பாறை உச்சியிலிருந்து குதிக்கிற இளவட்டங்கள், பின்னால் ஒரு கீறல்கூட விழாத பனி. அதுதான் விற்கும். போன குளிர்காலம், சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டின் வரிசையில் ரஸ் கொஸ்டெல்னிக் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த மலையில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான்.

"ஏன்யா வாரன், உன் பத்திரிகையில வர்றவன் எல்லாம் ஆகாசத்துலயே இருக்கானே. வரிசையில நின்னு நடுங்குற எங்களை மாதிரி ஆளுங்க ஒருத்தர்கூடவா உன் கண்ணுல படல?"

வரிசையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். அதனால் அவர் மனைவியையே தேர்ந்தெடுத்தேன்.

டார்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். முழங்காலில் கிழிந்த கால்சட்டைக்கு வெள்ளி நிற டேப் ஒட்டியிருப்பார். கோட்டுப் பையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, மத்தியானத்துக்குள் நசுங்கிப் போயிருக்கும். படம் எடுக்க வேண்டும் என்றதும், "என்னையா? மூக்கு ஒழுகுமேப்பா, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். அதற்காகத்தானே எடுக்கிறோம்.

காலை முழுக்க எடுத்தும் ஒன்றும் சரிவரவில்லை. ஊரே மிதித்த பனி படத்தில் அழுக்காகத்தான் தெரியும். சாதாரண ஆளை மட்டும் அழுக்கில் நிற்க வைப்பது என்ன நியாயம்? மஞ்சள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் புதுப்பனி தொடாமல் கிடந்தது. பனிச்சரிவு வரலாம் என்று மலைப் பாதுகாப்பு ரோந்துக்காரர்கள் கயிறு கட்டி அதை மூடி வைத்திருந்தார்கள்.

டார்லாவிடம் கேட்டுப் பார்த்தேன். "கயிறுன்னா கயிறுதான், வாரன். நான் பிள்ளைங்க பஸ் ஓட்டுறவ" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் ரொட்டி தின்னப் போன நேரத்தில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, எச்சரிக்கைப் பலகையோடு சேர்த்துப் பனிக்குள் மறைத்தேன். திரும்பி வந்தவரிடம், ரோந்துக்காரர்கள் திறந்துவிட்டார்கள் என்றேன். நம்பினார்.

"அப்ப சரி. இன்னும் ரெண்டு இறக்கம், கடைசியை விட்டுடலாம்."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'கடைசி இறக்கம்' என்று சொன்னால் அதில்தான் கால் உடையும் என்று இந்த மலையில் எல்லோருக்கும் பயம். இரண்டு என்று சொல்லிவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்வோம்.

கயிறு கட்டியிருந்த மரத்துக்குச் சற்றுக் கீழே, ஓரத்து மேட்டில் நின்றேன். பனி தூளாகப் பறக்க அவர் என்னை நோக்கி இறங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் சரிவு விரிசல் விட்டதைப் பார்த்தேன். மரங்களுக்குள் ஒதுங்க அவருக்கு நேரம் இருந்தது. கத்தியிருக்கலாம். கத்தினால் திரும்பிப் பார்ப்பார், அந்தச் சிரிப்பு போய்விடும்.

பனி அவரை மூடி எல்லாம் அடங்கியபின் மேலே ஏறி முதலில் கயிற்றையும் பலகையையும் பழையபடி கட்டினேன். அப்புறம்தான் உதவிக்குக் கூப்பிட்டேன்.

அவரே கயிற்றுக்கு அடியில் நுழைந்தார் என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். சாதாரண ஆட்கள் செய்கிற தவறுதானே, யாரும் சந்தேகப்படவில்லை. "பஸ் ஓட்டுறவளுக்கு இந்த வேலை தேவையா?" என்று ஊர் பேசியது. ரஸ் தலை குனிந்து நடந்தார்.

படம் அட்டையில் வந்தது. அதன் கீழே நான் எழுதிய வரிதான் என்னைக் கவிழ்த்தது: 'இதுதான் கடைசி இறக்கம் என்று சிரித்தபடி கயிற்றைத் தாண்டினார் டார்லா.' அவர் உண்மையில் சொன்னது வெளியூர் வாசகர்களுக்குப் புரியாதே என்று மாற்றினேன். நுணலும் தன் வாயால் கெடும். ரஸ் பத்திரிகையோடு நேரே உங்களிடம் வந்தார். "செத்தாலும் அந்த வார்த்தை அவ வாயில வராது" என்றாராமே. சரிதான், வரவில்லை.

அந்த வரி பொய். கயிற்றை அவிழ்த்தது நான். டார்லாவைக் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். எங்கள் பத்திரிகையில் முதல்முறையாக ஒரு சாதாரண ஆள், உள்ளது உள்ளபடி வந்திருக்கிறார். அதில் நான் எதையும் மாற்றவில்லை.

மூக்கை மட்டும் துடைத்துவிட்டேன்.