சனிக்கிழமைக்கு ஒரு பாலம்

—வேணாம். இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவுல ஒரு ஆளே நுழைஞ்சு விழுந்துடலாம்.

—நம்ம பாப்பாவுக்குப் பதிமூணு வயசு. தவழுற குழந்தையா, நுழைஞ்சு விழ?

—வெல்டிங்கைப் பாரு. எச்சில் தொட்டு ஒட்டின மாதிரி…

—அடுத்தவன் வெச்ச வெல்டிங் என்னிக்கு உங்க கண்ணுக்குச் சரியாப் பட்டிருக்கு? ரயில் போன பாலம் இது.

—ரயில் போனது எங்க தாத்தா காலத்துல. அப்புறம் லாரி ஓடி ஓடி இடுப்பொடிஞ்சு போச்சு. வெள்ளத்துல மூணாவது தூண் சாஞ்சு… நாம பிரிஞ்ச வருஷம்தானே மூடினாங்க?

—அதுக்கு அடுத்த வருஷம்.

—ஆங்… அடுத்த வருஷம்.

—பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னாங்க. இப்போ தூணைச் சரி பண்ணி, பலகை போட்டு, நடக்க மட்டும்னு திறந்துட்டாங்க. ரயிலைத் தாங்கினது நாப்பது கிலோ பொண்ணைத் தாங்காதா?

—நான் எங்க தாங்காதுன்னேன்? காத்து எப்படித் தள்ளுது பாரு.

—அது என்னவோ நிஜம். ஏங்க… பலகை ஆடுது!

—இன்னும் ‘ஏங்க’தானா?

—வாய்ப் பழக்கம். கையை விடுங்க.

—நீதான் பிடிச்சிருக்கே.

—பிடிமானத்துக்கு.

—சரி, முடிவாச் சொல்லு. இனிமே சனிக்கிழமை அவளே நடந்து என்கிட்ட வந்துடுவாளா? நீ ஊரைச் சுத்தி பஸ்ஸுல கூட்டிட்டு வர வேணாம். நானும் பஸ் ஸ்டாண்டுல காத்துக் கிடக்க வேணாம்.

—நாம பார்த்துக்கவே வேணாம்.

—அலைச்சல் மிச்சம்.

—ஆமா… மிச்சம்தான். நடுவுல ஒரு விளக்கு கூடப் போடலை, பார்த்தீங்களா?

—பட்டப்பகல்ல வர்றவளுக்கு எதுக்கு விளக்கு?

—மழை வந்தா?

—குடை… அட ஆமா, மழை வந்தா வழுக்குமில்ல?

—ஏன் இப்படிக் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி நடக்கறீங்க? ஒரு இடத்துல நில்லுங்களேன்.

—நீ மட்டும் என்ன? கைப்பை வாரை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிட்டே.

—விட்டுட்டேன். நீங்க எதையோ மென்னு முழுங்கறீங்களே, என்ன?

—சொல்லிடறேன், திட்டாதே. நேத்து பாலத்தைத் திறந்த கையோட பாப்பா தனியா நடந்து பட்டறைக்கே வந்துட்டா. ‘அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா’ன்னு சத்தியம் வேற வாங்கிட்டா.

—தெரியும்.

—உளறிட்டாளா?

—தனியா எங்க வந்தா? பின்னாடியே நான் வந்தேன்… உங்க பட்டறை வாசல் வரைக்கும்.

—அடிப்பாவி! அப்புறம் எதுக்கு இன்னிக்கு ‘வாங்க, பாலத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்’னு போன் பண்ணே?

—அவ நடந்து வந்துட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேதானே நீங்களும் வந்தீங்க?

—வாசல் வரைக்கும் வந்தவ, உள்ள வந்திருக்கலாமே.

—கூப்பிடுங்க… வர்றேன்.