மேலே நிற்கும் ஆள்

அலாரம் அலறியபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு ஓடிப்போய் அதை அணைக்கிற ஆள் நான் இல்லை. முழங்கை வரை கழுவி, துடைத்து, துண்டை நான்காக மடித்துப் போட்டுவிட்டுத்தான் போனேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சார். முதல் என்றால் அதுதான். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். எக்ஸ்சேஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை. பலகையில் எங்களுடைய ஏழு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. அவர்களுடைய நான்கும் சிவப்பு.

அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பழைய டெலிபோன் கம்பெனி. தெருத்தெருவாக வெட்டி, குழாய் பதித்து, கேபிள் இழுத்தவர்கள் நாங்கள். அதை இழுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வாரம் உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. புதிதாக முளைத்த போட்டிக் கம்பெனிக்கும் அதே கேபிளில் இடம் கொடுக்க வேண்டும். அவர்கள் தனியாகத் தெருவைத் தோண்ட வேண்டாம். ஒரு கேபிளுக்குள் தலைமுடி கனத்தில் பன்னிரண்டு கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. அதில் நான்கை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம். மிச்சம் எட்டும் எங்களுடையவை; அதில் கறுப்பு மட்டும் காலி, அதற்குப் பலகையில் விளக்கு இல்லை.

நியாயமான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடலாம், தப்பில்லை. நாம் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாடகைக்கு விடுவோமா? எனக்கு அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சண்டை சச்சரவுக்குப் போகிற ஆள் நான் இல்லை. ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவர்கள் பக்கத்து ஜாயின்டர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருவான். அறுந்த இழையை ஒட்டுகிறவனுக்கு ஜாயின்டர் என்று பெயர். வாயில் எப்போதும் சூயிங்கம். எங்கள் ஆட்கள் அவனுக்கு ‘அசைபோடி’ என்று பெயர் வைத்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் போனில் “நான் அசைபோடி பேசறேன்” என்று அவனே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“என்ன பங்காளி, சௌக்கியமா?” என்றுதான் உள்ளே வருவான். ஒரே கேபிளில் பங்கு இருப்பதால் நான் அவனுக்குப் பங்காளியாம். சொல்லிக்கொண்டே தோளில் கை போடுவான். கேபிளுக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு பிசுபிசுப்பான ஜெல்லி அடைத்திருப்பார்கள். அது அவன் விரலிடுக்கில் எப்போதும் இருக்கும். என் சட்டையில் துடைக்காத நாளில் நாற்காலியில் துடைப்பான், கதவுக் கைப்பிடியில் துடைப்பான். ஒரு தடவை அவர்களுடைய பெயர்ச்சீட்டு உரிந்து விழுந்தது. வாயிலிருந்து சூயிங்கத்தை எடுத்து, சீட்டின் முதுகில் அப்பி, எங்கள் இரும்பு அலமாரியில் ஒட்டிவிட்டான்.

“பசையெல்லாம் சும்மா பங்காளி. இது செத்தாலும் விடாது” என்றான்.

அதை நான் கத்தியால் சுரண்டினேன். கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கும் வந்தான். என் மனைவி என்னைக் கேட்காமலே அவர்களுடைய இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

“உங்க கம்பெனி போன்ல எங்கக்கா பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. இதுல பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்காம்” என்றாள்.

“அதுவும் என் கேபிள்லதான் வருது” என்றேன்.

“அப்போ கேபிள் நல்ல கேபிள்தான். ஆளுங்கதான் சரியில்ல.”

நான் வேலை முடிந்து வந்தபோது அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டம்ளரில், வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மென்றுகொண்டிருந்ததை எடுத்து மேஜை விளிம்பில் வைத்திருந்தான். குடித்து முடித்ததும் மறுபடி வாய்க்குள் போட வேண்டுமே.

“அடடே, பங்காளி வீடா இது? முன்னாடியே தெரிஞ்சிருந்தா பூட்ஸையாவது கழட்டிட்டு வந்திருப்பேனே” என்றான். என் மனைவி சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்தது அது, அவ்வளவுதான்.

அவன் போனதும் டம்ளரைக் குப்பையில் போட்டேன். “நாலு தேய் தேய்ச்சா போச்சு. இதுக்குப் போய் டம்ளரைத் தூக்கிப் போடுவாங்களா?” என்று அவள் எடுத்து வைத்தாள். மறுநாள் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

இப்போது சேம்பர் விஷயத்துக்கு வருகிறேன். சேம்பர் என்றால் தரைக்கு அடியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கட்டிய சின்ன அறை. கேபிளை ஒட்டுகிற பெட்டிகள் அதற்குள் இருக்கும். மேலே இரண்டு பாதியாக இரும்பு மூடி. பக்கத்துச் சாக்கடையிலிருந்து உள்ளே கசியும். நாற்றம் மட்டும் இல்லை, ஆளைக் கொல்கிற வாயுவும் சேரும். அதனால் புளோயர் வைத்துக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு கம்பெனிக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒரு கம்பெனி ஆள் கீழே இறங்கினால் எதிர்க் கம்பெனி ஆள் மேலே நிற்க வேண்டும். கீழே போனவன் அடுத்தவன் இழையைக் கிள்ளிவிட்டால் என்ன செய்வது? அந்தச் சந்தேகத்தில் எழுதியது. காவலுக்கு என்று ஏற்பட்ட ஆளிடமே புளோயரைப் பார்த்துக்கொள்வது, ஏணியைப் பிடிப்பது எல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. ஆக, கீழே இருப்பவனுடைய மூச்சு எதிர்க் கம்பெனிக்காரன் கையில். படித்தவர்கள் எழுதியதுதான்.

நான் கீழே இறங்கிய நாட்களில் அவன் மேலே நின்றிருக்கிறான். ஒரு குறை சொல்ல முடியாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் “பங்காளி, இருக்கீங்களா?” என்று கத்துவான். நான் பதில் சொல்கிற வரை விடமாட்டான். வேலையே ஓடாது. அவ்வளவு எரிச்சலாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்து கருவியை வைத்துப் பார்த்தான். ஏழாம் சேம்பரில் கோளாறு. பூட்டிக்கிடக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கிறதே, அது. ஆள் நடமாட்டம் கிடையாது. என் வண்டியில்தான் போனோம்.

“மூணு மணிக்குள்ள முடிச்சிடணும் பங்காளி. பாப்பாவோட டீச்சர் வரச்சொல்லியிருக்காங்க. கணக்குல முட்டை வாங்கிட்டா. அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கா” என்றான். பெருமையாகச் சொன்னான்.

இரண்டு பேரும் கம்பி போட்டு மூடியைத் தூக்கினோம். அழுகிய முட்டை நாற்றம். வாயு மீட்டரை இறக்கினேன். முள் சிவப்பில் நின்றது. அரைமணி நேரம் புளோயர் ஓடிய பிறகுதான் அவனை இறங்கவிட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. நானே ஏணியைப் பிடித்தேன்.

இறங்கிய இரண்டாவது நிமிஷம் அவன் செத்த எலி ஒன்றை வாலைப் பிடித்து மேலே வீசினான். அது என் காலடியில் வந்து விழுந்து, வயிறு பிளந்தது.

“குற்றவாளி கிடைச்சாச்சு பங்காளி. இவன்தான் நம்ம நாலு இழையையும் கடிச்சவன். கைது பண்ணுங்க!”

என் பேன்ட்டில் தெறித்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். எலியைப் பிடித்த அதே கையால் வாயிலிருந்ததை எடுத்து, நான் என் கையால் மூடி முத்திரை வைத்த பெட்டியின் தலையில் ஒட்டினான். இழைகளை ஒட்டத் தொடங்கினான். இடையில் தோன்றியபோது அதை எடுத்து மறுபடி மென்றான். மறுபடி பெட்டியில் வைத்தான். ஒரு மணி நேரம் இதை நான் மேலே நின்று பார்த்தேன். பார்ப்பதுதானே என் வேலை.

பன்னிரண்டு பத்துக்கு நான்கையும் ஒட்டிவிட்டான்.

“பங்காளி, எக்ஸ்சேஞ்சுக்குப் போய் லைட் வருதான்னு ஒரு நடை பார்த்துட்டு வந்திடுங்க. வந்தா பெட்டியை மூடிட்டுக் கிளம்பிடலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

கவனிக்க வேண்டும். போகச் சொன்னது அவன். நான் போனால் மேலே ஆள் இல்லை. ஆளில்லாத சேம்பரைத் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது, விதி பதினாலு. அந்தப் புத்தகம் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது, பார்த்தேன். புளோயர் கம்பெனிச் சொத்து; அதையும் அனாதையாக விட முடியாது. நிறுத்தி, குழாயைச் சுருட்டி, வண்டியில் ஏற்றினேன். பிறகு மூடி. தூக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். இழுத்துப் போட ஒருவர் போதும்.

முதல் பாதியைப் போட்டதும் உள்ளேயிருந்து கேட்டான்:

“என்ன பங்காளி, மழையா?”

“ஆமா” என்றேன்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தை பொய். ஒப்புக்கொள்கிறேன்.

எக்ஸ்சேஞ்சுக்கு வந்து முதலில் கை கழுவினேன். பேன்ட்டை மாற்றினேன். பலகையில் நான்கும் பச்சை. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எலி கடிப்பதற்கு முன்னால் இருந்ததைவிட ஒளி நன்றாக வந்தது. ரிஜிஸ்டரில் எழுதினேன். எழுதி முடிக்கும்போது பேச்சு செட் ஒலித்தது.

ஜாயின்டர்களிடம் ஒரு செட் இருக்கும். காலியாக இருக்கிற இழையில் மாட்டினால் சேம்பரிலிருந்து எக்ஸ்சேஞ்சோடு பேசலாம். தரைக்கு அடியில் கைபேசி எடுக்காது பாருங்கள், அதற்காக.

“பங்காளி, லைட் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“நல்லா வருதா?”

“நல்லா வருது.”

“அப்போ சீக்கிரம் வந்து மூடியைத் திறங்க. காத்தே இல்ல. தலை கிறுகிறுங்குது.”

“எந்த இழையில பேசுற?” என்று கேட்டேன்.

“கறுப்பு. சும்மாதானே கிடக்கு.”

“அது எங்களுது.”

அவன் சிரித்தான். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். “அட, நமக்குள்ள என்ன பங்காளி” என்றான்.

உத்தரவில் தெளிவாக இருக்கிறது. மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம். கறுப்பு கிடையாது. அனுமதி கேட்டு எழுதினால் பரிசீலிப்பார்கள். அவன் எழுதவில்லை. நான் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ரிசீவரிலிருந்து “பங்காளி, இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. எட்டாவது தடவை பாதியில் நின்றது. அப்புறம் இரும்பில் எதையோ தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம். சத்தத்தோடு சாப்பிட எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பொறுமையாகத்தான் சாப்பிட்டேன்.

பிறகு கறுப்பு இழையைக் கழற்றி, முனையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அவன் மூச்சு வந்த முனை. மூன்று பஞ்சு செலவானது.

இரண்டு மணிக்கு அவர்கள் கம்பெனியிலிருந்து கேட்டார்கள், வேலை முடிந்ததா என்று. முடிந்தது, லைட் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மைதானே. மூன்றரைக்கு ஒரு டீச்சரம்மா கூப்பிட்டாராம். அது அவர்கள் ஆபீசுக்குப் போனது, எனக்கு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி அவளுடைய அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். ரிசீவரை என் காதில் வைத்து, “காலையில செத்துக் கிடந்துச்சு. இப்ப எவ்வளவு தெளிவா கேக்குது பாருங்க” என்றாள். கேட்டேன். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவன் ஒட்டினால் ஒட்டியதுதான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் உங்கள் ஆட்கள் மூடியைத் திறந்தபோது என்னையும் கூப்பிட்டீர்கள். நான் வாந்தி எடுத்தேன். நீங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் நீங்கள் நினைத்த காரணம் இல்லை. பெட்டியின் தலையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, பல் தடத்தோடு. அதைச் சுரண்டி எடுக்க யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள். ஈரம் இருக்கும்போதே எடுக்காவிட்டால் அப்புறம் வராது.

நேற்று எங்கள் அதிகாரி என்னைப் பார்க்க வந்தார். “கீழே ஆள் இருந்தது மறந்துபோச்சுன்னு சொல்லுங்க. வயசாச்சு, மறதி வரும். மத்ததை கம்பெனி பார்த்துக்கும்” என்றார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு மறதி கிடையாது. செய்யாத ஒன்றைச் செய்ததாக ஏன் சொல்ல வேண்டும்? விதி இருந்தது, அதன்படி நடந்தேன். வேறு யார் கீழே இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். அவன்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. எழுதிக்கொண்டீர்களா?

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். இவ்வளவு நேரம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாதவர் இப்போது கேட்கிறீர்கள்:

“உங்க ஆளுங்க ஒண்ணு சொல்றாங்களே. அவங்க கம்பெனியிலிருந்து வேற ஜாயின்டர் வந்து கீழே வேலை பார்க்கறப்போ, நீங்க எத்தனையோ தடவை சேம்பரை அப்படியே திறந்து போட்டுட்டு, புளோயரை ஓடவிட்டுட்டு, எக்ஸ்சேஞ்சுக்குப் போய் லைட் பார்த்துட்டு வந்திருக்கீங்களாம். அப்பல்லாம் விதி பதினாலு ஞாபகம் வரலையா?”

“அப்பல்லாம் உள்ளே அவன் இல்லையே, சார்.”