முந்தி நிரம்பிய செல்

ஒரே பெட்டியில் வந்த செல்கள்கூட ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, இன்ஸ்பெக்டர். பிறை நகரில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் அவற்றைக் கோத்து லித்தியம் பாட்டரி செய்கிறோம். சார்ஜ் ஏறும்போது ஏதாவது ஒன்று முந்தி நிரம்பிவிடும். நான் வரையும் பேலன்சிங் சர்க்யூட் அதன் மிச்சத்தைச் சூடாக வெளியே விட்டு, மற்றவை வந்து சேரும்வரை அதைக் காக்க வைக்கும். அது இல்லையென்றால் நிரம்பியதிலேயே மேலும் ஏறும். செல் உப்பும், தீப்பிடிக்கும்.

எங்கள் வீட்டில் முந்தி நிரம்பியவன் நான். "நீ தாங்கிக்குவ, தம்பி தாங்க மாட்டான்" என்பாள் அம்மா. லண்டன் படிப்பைத் தம்பி அம்பிகைபாகனுக்கு அப்படித்தான் விட்டேன். புஷ்பராணியை எனக்குத்தான் பார்த்தார்கள். அவள் மனம் தம்பிமேல் என்றார்கள், அதையும் விட்டேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் விரலைப் பிடித்து நடை பழகியவன் அவன்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் வந்தான். "அண்ணே, உங்களுக்கு ஒரு கல்யாணம் ஆகணும்னு காவடி நேர்ந்திருக்கேன். காவடியில பல்பு எரியிறதுக்கு பாட்டரி நீங்களே செஞ்சு குடுங்க லா" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்த இரக்கத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

செய்து கொடுத்தேன். பேலன்சிங் சர்க்யூட் வைக்கவில்லை. நாலு பல்புக்கு அது எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தைப்பூசத்தன்று காலையில் சார்ஜரிலிருந்து எடுத்தபோது ஒரு செல் உப்பியிருந்தது. தொட்டேன், சுட்டது. பத்திரமான இன்னொரு பாட்டரி அலமாரியில் இருந்தது. நான் அந்த உப்பிய பாட்டரியையே மஞ்சள் துணியில் சுற்றி, காவடிக் கம்பிகளுக்கு உள்ளே, அவன் கை எட்டாதபடி முதுகில் கட்டினேன்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் துள்ள ஆரம்பித்தான். அருள் வந்துவிட்டது என்று உருமியை ஓங்கி அடித்தார்கள். புகையைச் சாம்பிராணி என்று நினைத்தார்கள். புஷ்பராணிக்கு மட்டும் சந்தேகம். "அத்தான், அவரு கத்துறாரு. முதுகுல என்னான்னு கழட்டிப் பாருங்க" என்று என் கையைப் பிடித்தாள்.

"அருள் வந்திருக்கு புஷ்பா, தொடாத" என்றேன். பாட்டரி செய்தவனே சொன்னதால் நம்பினாள். கூட்டத்தோடு சேர்ந்து நானும் "வேல் வேல்" என்றேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டான். அன்றிலிருந்து எனக்கு அழுகை நிற்கவில்லை. எனக்கிருந்தது ஒரே தம்பி. அம்மாவிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள், அவன் கஷ்டப்படவில்லை என்று. அருள் வந்தவனுக்கு வலி தெரியாது.