சார்ஜில் கிடந்த போன்

காபியில் சர்க்கரை போட்டிருக்கிறேன், மேடம். இந்த வீட்டில் இப்போது சர்க்கரையை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடைக்கலம் என்கிற அந்த ஆளை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். 'சர்க்கரைக்கு ஊசி வேண்டாம், வேப்பங்கொழுந்து போதும்' என்று வீடியோ போடுகிறவன் அவன். அவன் பேச்சைக் கேட்டு அப்பா இன்சுலினை நிறுத்தினார், அதனால்தான் செத்துப்போனார் என்று என் மகன் ரஞ்சித் புகார் கொடுத்திருக்கிறான். நீங்களும் ஜீயபுரத்திலிருந்து அவனைப் பிடித்துவந்து ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அவனுக்கு அந்தப் பெயர் போய்ச் சேருவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அறிவியல் டீச்சராக இருந்தவள். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கூட 'ஏன் டீச்சர்' என்று கேட்பான், என்னை மடக்குவதற்காகவாவது. இந்தக் குடியிருப்பில் யாரும் எதையும் கேட்பதில்லை. கீழ்வீட்டுச் செல்லக்கண்ணு மொட்டை மாடிக்கு ஏறினால் ராஜகோபுரம் எதிரே நிற்கும். ஏறமாட்டார். யாரோ பேஸ்புக்கில் போட்ட கோபுரப் படத்தை விரலால் பெரிதாக்கிக் கும்பிட்டு, அதைத் தெருவுக்கே அனுப்பிவைப்பார். ரஞ்சித், இன்ஸ்டாகிராமில் யாரோ பிரியாணி தின்பதைப் பார்த்துக்கொண்டே தன் தட்டில் இருக்கிற சோற்றை ஆறவிடுவான். மருமகள் ஜோதி அமேசானில் புடவையைக் கூடையில் போடுவாள், எடுப்பாள், மறுபடியும் போடுவாள். வாங்கமாட்டாள். உலகத்து அறிவெல்லாம் கைக்குள் இருக்கிறது. நாய் பெற்ற தெங்கம்பழம்.

என் கணவர் ராசப்பன் திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். அங்கே ஒரு தகட்டைத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாராம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபிறகு, போன் சொன்னால் போதும். "பானு, இங்க பாரு, இவரு சொல்றாரு பாரு" என்பதுதான் என்னிடம் பேசுகிற பேச்சு. தயிரும் மீனும் சேர்த்துத் தின்றால் தோல் வெளுத்துவிடும் என்று ஒருநாள் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஜோதியைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்கு என்ன தெரியும்? புஸ்தகத்துல இருக்கறத ஒப்பிச்சவதானே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

காலையில் அவர் ஆற்றங்கரை அம்மா மண்டபம்வரை நடக்கப் போவார். போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கும். நாம் எதைப் பார்க்கிறோமோ அதே மாதிரியைத்தான் போன் மறுபடியும் கொண்டுவந்து கொட்டும், உங்களுக்கே தெரிந்திருக்கும். தெற்கே தலைவைத்துப் படுப்பதைப் பற்றி அவர் போனில் நாலைந்து வீடியோக்களைத் தேடி ஓடவிட்டு, லைக் போட்டு வைத்தேன். அந்த வாரமே கட்டிலைத் திருப்பிப் போட்டார். அடுத்து, உப்பு விஷம் என்று தேடி வைத்தேன். உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு உடம்பு லேசாக இருக்கிறது என்றார். நான் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. ஒரே ஒருமுறை என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இன்சுலினைப் பற்றித் தேடினேன். அடைக்கலம் அப்படித்தான் இந்த வீட்டுக்குள் வந்தான். கூப்பிட்டவள் நான். ஊசியை நிறுத்தினால் அவர் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

ஊசியை நிறுத்தினார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், இளைத்துக்கொண்டே போனார். "கெட்டது வெளியேறுதுன்னு அர்த்தமாம்" என்று வீடியோவில் கேட்டதை எனக்குச் சொன்னார். நான் சொம்பை நிரப்பிக் கொடுத்தேன். ரஞ்சித்தும் ஜோதியும் இதே கூடத்தில்தான் இருந்தார்கள். தலையை நிமிர்த்தியிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். அவர் நினைவு தப்பி விழுந்த சத்தத்தில்தான் இருவரும் நிமிர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைக்கவில்லை.

"ஒரு தடவைகூட அவரு உங்ககிட்ட கேக்கலையாம்மா?" என்கிறீர்கள்.

விழுவதற்கு முந்தின நாள் காலையில் அடுக்களை வாசலுக்கு வந்தார். அன்று நடக்கப் போகத் தெம்பில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பானு, முடியல. ஊசியப் போட்டுக்கவா? நீ சொல்லு. நீதான படிச்சவ" என்றார்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க" என்றேன்.

அதைக் கேள்வி என்று எப்படிச் சொல்வது, மேடம்? கேள்விக்கும் கெஞ்சலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. அவருடைய போன் என் கையில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வீடியோ முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.