வீத்தோ போட்ட மோதிரம்

"ஹலோ... ஹலோ, எல்வீரா? அப்பாதான்மா. கடையிலேருந்து பேசறேன்... ஆமா, ஆமா, நீ எழுதின நாடகத்தைத்தான் நேத்து பாத்தோமே... நல்லா இருந்துதாவா? நம்ம போக்காப் பேட்டையில இருக்கிற இத்தாலிக்காரன் அத்தனை பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான், அப்புறம் என்ன கேள்வி?"

கத்தால்தோ துணிக்கடைக்காரர். ப்யூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கப்பல்காரர்களையே பேரத்தில் மடக்கிய வாய் அது. இன்று மகளிடம் ஒரே ஒரு காட்சிக்காகப் பேரம் பேச வந்திருந்தது.

"அந்தக் கல்யாணக் காட்சி இருந்துட்டுப் போகட்டும்... இருக்கட்டும்கிறேன். மாப்பிள்ளை இங்க கடையில, பொண்ணு அங்க இத்தாலியில, கலாப்ரியாவுல. இவனுக்குப் பதிலா இவன் தம்பி மாதா கோயில்ல நின்னு மோதிரம் போடறான். நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேர் அப்படித்தானே கட்டினோம்? எனக்கு என் தம்பி வீத்தோ நின்னான்... அந்தப் பொண்ணு கப்பல்ல கொழுந்தனை நினைச்சு அழறா. சரி, நாடகம்தானே, அழட்டும். பல் டாக்டர் காட்சியை மட்டும் எடுத்துடு... ஏனா? அது உனக்கு எங்கேருந்து கிடைச்சுது, அதைச் சொல்லு... கற்பனையா? என்கிட்டயே சரக்கை மாத்தி விக்கிறியா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுக்கு எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சது யாரு தெரியுமா? நான்தான்! கொழுந்தன் யுத்தத்துல செத்துட்டான்னு சேதி வருது. அவ அழுகையை மறைக்கக் கன்னத்துல துணியைக் கட்டிக்கிட்டு, பல்வலின்னு சுருண்டு படுத்துக்கறா. புருஷன், அந்த மடையன், தரதரன்னு இழுத்துட்டுப் போய் நல்ல பல்லைப் பிடுங்க வைக்கிறான். நான் பக்கத்து ஆளை முழங்கையால இடிச்சு இடிச்சுச் சிரிக்கறேன்... அப்புறம் உங்கம்மா பக்கம் திரும்பினேன்... ஆமா. கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வீத்தோ செத்த சேதி வந்தப்ப நீ பொறக்கவே இல்லை, எல்வீரா. அன்னைக்கு டாக்டர்கிட்ட அவளை இழுத்துட்டுப் போன மடையன் நான்... அழாதே. நீ ஏன்மா அழறே?... அவளேதான் சொன்னாளா?... ம்... ம்... என்னைப் பத்தி என்ன சொன்னா?... நல்ல மனுஷனா? அவ்வளவுதானா?... இல்ல, இல்ல. போதும். இத்தனை வருஷத்துக்கு அது... போதும். சரி, எடுத்துடறியா? இன்னைக்கேவா?... நல்லது. இரு, இரு. அம்மா வர்றா."

மாடியிலிருந்து அசுந்தா இறங்கி வந்தாள். நல்ல உடை, தலையில் மெல்லிய கறுப்புத் துணி. அவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்ன அசுந்தா?... மறுபடியுமா? நேத்துதானே பாத்தோம்?... ஆமா, ஆமா, மக எழுதினதுதான்... இல்ல, எனக்குக் கடை இருக்கு. நீ போயிட்டு வா. மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோ... இதுவா? யாரோ சரக்குக்காரன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார்.

"எல்வீரா, இருக்கியா?... கேளு. அந்தக் காட்சி அப்படியே இருக்கட்டும்... ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன். இப்ப வேண்டாம்கிறேன். அம்மா வந்துக்கிட்டிருக்கா... ஆமா, தனியாத்தான். என் தம்பிக்காக என் வீட்டுல அவளால அழ முடியலைம்மா. அங்கயாவது இருட்டா இருக்கும்... நான் வரலை. நான் பக்கத்துல இருந்தா அழமாட்டா... யாரும் பாக்காத ஓரமா ஒரு இடம் குடு... ஆமா, ஒண்ணு போதும். வச்சுடறேன்."