புண்ணாக்கு ஸ்வாப்பு

…அதத்தானேம்மா நானும் கேக்குறேன்! நில்லுன்னா எல்லாரும்தானே நிக்கணும்? அந்த பாம்பே பேங்குகாரனுக்கு மட்டும் இன்னா தனி வாசலு? கொஞ்சம் நவுந்து ஒக்காரும்மா, இந்தப் பக்கம் வெய்யிலு சுள்ளுனு அடிக்குது… ஆங், போதும் போதும். எந்த பேங்குன்னே ஒனக்குத் தெரியாதில்ல? இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். பஸ்ஸு இன்னும் விழுப்புரத்தயே தாண்டல. திண்டிவனம் போற வரிக்கும் நேரம் இருக்குது.

எங்களுக்கு ஒலக்கூரு பக்கம். எம் பேரு சின்னபொண்ணு. பேருதான் சின்னபொண்ணு, பேரன் எடுத்துட்டேன். எங்க ஊட்டாண்ட ஒரு ஆயில் மில்லு, மல்லாட்ட, அதான் வேர்க்கடல, எண்ண ஆட்டுறது. மொதலாளி பேரு பிரான்சிஸ். தங்கமான மனுஷன். அங்க வேல செய்றவங்களுக்கு மத்தியான சோறு நான்தான் ஆக்கிப் போடுறேன். சோறு, சாம்பாரு, ஒரு பொரியலு, வெள்ளிக்கெழமன்னா பாயசம். கேப்பக்களி கேட்டா அதுவும் கிண்டிக் குடுப்பேன். மாசம் பொறந்தா டாண்ணு துட்டு வந்துரும். ரொம்ப வருஷம் அப்டித்தான் ஓடிச்சு. அப்பால துட்டு நின்னு சோத்துப் பாக்கி ஏறிச்சு பாரு…

இன்னா பண்ணாரு, வெளிநாட்டுலேர்ந்து ஒரு மெஷினு வாங்கினாரு. இந்தாண்ட மல்லாட்டயக் கொட்டினா அந்தாண்ட பாட்டிலு, எண்ண, மூடி, லேபிளு எல்லாம் சேந்து வருமாம். நான் பாக்கப் போன அன்னிக்கு அது வெறும் மூடிய மட்டும் துப்பிகினு இருந்துச்சு. அத வுடு. மெஷினுக்கு டாலர்ல கடன். டாலரு ஏறிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகினு, அந்த பாம்பே பேங்குல ஒரு ஒப்பந்தம் போட்டாரு. ஸ்வாப்புன்னு பேரு. ஸ்வாப்புன்னா மாத்திக்கிறதும்மா. டாலர் ஏறினா பேங்கு இவருக்குக் குடுக்கணும், எறங்கினா இவரு பேங்குக்குக் குடுக்கணும். அதோட வுட்டாரா மனுஷன்? வட்டிக்கு இன்னொரு ஸ்வாப்பு! அது ஏறினா ஒருத்தரு, எறங்கினா ஒருத்தரு. எண்ண ஆட்டுறவருக்கு இதெல்லாம் எதுக்கு? அவரையே செக்குல போட்டு ஆட்டிட்டானுங்க.

ஆமாம்மா, மில்லு படுத்துருச்சு. திவாலு. கோர்ட்டுல சொல்லி மெட்ராஸுலேர்ந்து ஒரு ஆபீசர் வந்துச்சு, ஃபஸீஹா மேடம்னு. ஒன் வயசுதான் இருக்கும். மொதலாளிய எழுப்பிட்டு அவரு சேருல அது ஒக்காந்துகிச்சு. மில்லுல யாருக்கெல்லாம் பாக்கி வரணுமோ எல்லாரும் வாங்க, எப்டி கேக்கணும்னு சொல்றேன்னு திண்டிவனத்துல ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்புடுச்சு. போனா, மொத நாளு கல்யாணம் நடந்த தோரணம் அப்டியே தொங்குது. மேடையில பொண்ணு மாப்ள ஒக்கார்ற செவப்பு சோபா. அதுல நடுவால மேடம் ஒண்டியா ஒக்காந்துகினு, கையில மைக்கு. எனக்கு அச்சத போட்டுறலாம் போல இருந்துச்சு.

“இன்னியிலேர்ந்து யாரும் மில்லு மேல கை வைக்கக்கூடாது. கேஸு போடக்கூடாது, சாமான் எடுக்கக்கூடாது. எல்லாரும் அப்டியே நில்லுங்க”ன்னு சொல்லிச்சு. மாரடோரியம்னு ஒரு பேரு சொல்லிச்சு. சரி, எல்லாருக்கும் அதானே, நிப்போம்னு நானும் நின்னேன். நின்னேன்னா ஒக்காந்துதான் இருந்தேன், ஒரு பேச்சுக்கு சொல்றேன்.

அப்ப சாக்கு யாவாரி இப்ராஹிம் ஷா பாய் எழுந்தாரு. கோட்டக்குப்பத்துக்காரரு, மில்லுக்குக் கோணி குடுத்தவரு. “மேடம், மொதலாளி அந்த பாம்பே பேங்குல பெரிய டெபாசிட்டு போட்டு வெச்சிருந்தாரே, அதுலேர்ந்து எங்களுக்கு எதுனா வருமா?”ன்னு மரியாதியா கேட்டாரு.

“அது இல்லீங்க பாய். அத அந்த பேங்கு எடுத்துகிச்சு”ன்னுது.

எடுத்துகிச்சா! எங்கள நில்லுன்னுட்டு அவன் எப்டிம்மா எடுத்துக்குவான்? நான் வுடல. எழுந்து கேட்டேன். அதுவும் பொறுமையாத்தான் சொல்லிச்சு, கொற சொல்லக் கூடாது.

“அக்கா, ஸ்வாப்பு மாதிரி ஒப்பந்தத்துக்குத் தனி சட்டம் இருக்கு. ஒருத்தர் திவாலானா, இன்னொருத்தர் ஒப்பந்தத்த உடனே முறிச்சிக்கலாம். டாலர்ல பேங்கு இவருக்குத் தர வேண்டியது, வட்டியில இவரு பேங்குக்குத் தர வேண்டியது, ரெண்டையும் ஒண்ணுல ஒண்ணு கழிச்சிட்டு, மீதி இவரு தரணும்னு வந்துச்சு. ஈடா வெச்சிருந்த டெபாசிட்லேர்ந்து அத எடுத்துக்கிட்டாங்க. கோர்ட்டு தடை அவங்களுக்குக் கெடையாது.”

“ஏன் கெடையாது? அவங்க இன்னா வானத்துலேர்ந்து குதிச்சாங்களா?”

“டாலர் வெல நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்க்கா. இவருகூட போட்ட மாதிரியே அந்த பேங்கு இன்னொரு பேங்குகூட எதிர் ஒப்பந்தம் போட்டிருக்கும். இங்க காக்க வெச்சா அங்க குடுக்க முடியாது. ஒருத்தர் வுழுந்தா அடுத்தவங்க வுழுவாங்க. வரிசையா வுழக்கூடாதுன்னுதான் அப்டி சட்டம்.”

எனக்கு வந்துச்சு பாரு கோவம். வெடுக்குனு மைக்க வாங்கிட்டேன். “ஏம்மா, டாலரு வெலதான் மாறுதா, தக்காளி வெல மாறலியா? காலீல ஒரு வெல, சாயங்காலம் ஒரு வெல. நானும் மளிகக் கடையில எதிர் ஒப்பந்தம் போட்டுகினுதான் சோறு ஆக்குறேன். நான் வுழுந்தா மளிகக்காரரு வுழுவாரு, அவரு வுழுந்தா அரிசி மண்டி வுழும், அது வுழுந்தா ஒலக்கூரே வுழும்! அதுக்கு எந்த சட்டம் இருக்குது?”ன்னு கேட்டேன்.

மண்டபமே கை தட்டுச்சும்மா. பாய் விசிலு அடிச்சாரு, அந்த வயசுல! அங்கதான்… எனக்கு அதுக்கு முன்ன யாரும் கை தட்டுனதில்ல. பாயசத்துக்குக் கூட தட்டுனதில்ல. தலைக்கு ஏறிருச்சு.

“நல்லா கேட்டுக்கம்மா, எங்களுதும் ஸ்வாப்புதான்!”ன்னுட்டேன்.

“எப்டிக்கா?”

“நான் மில்லுக்கு சோறு போடுறேன், மில்லு எம் மாட்டுக்குப் புண்ணாக்கு போடுது. மாத்திக்கிறதுதானே? ஸ்வாப்பு இல்லாம இது இன்னாவாம்?”

பொய்யி இல்லம்மா. மூணு மாடு வெச்சிருக்கோம். அப்பப்ப ஒரு மூட்ட புண்ணாக்கு எடுத்துகினு வருவேன். “அப்பால கழிச்சிக்கலாம் எடுத்துகினு போ”ன்னு மொதலாளியே சொல்வாரு. எழுதி வெக்கிறதெல்லாம் இல்ல. அவருக்கும் மறந்துரும், எனக்கும் மறந்துரும். மாட்டுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மேடம் பேனாவ எடுத்துச்சு. “எவ்ளோக்கா வாங்கியிருப்பீங்க?”

நீயே சொல்லு, பாம்பே பேங்கு கோடியில போட்ட ஸ்வாப்பு. அதுக்குப் பக்கத்துல நின்னுகினு “எப்பனா ஒரு மூட்ட”ன்னு சொன்னா மரியாதியா இருக்குமா? கூட்டம் வேற என்னியே பாத்துகினு இருக்குது. “வண்டி வண்டியா!”ன்னேன். “வருஷக் கணக்கா வண்டி வண்டியா எறங்கும். எம் மாடுங்க வேற ஒண்ணத் தொடாது!”

“ரெக்கார்டு பண்ணிக்கலாமாக்கா?”

“நல்லா பண்ணிக்கம்மா!”

எங்க ஊட்டுக்காரரு, பச்சமுத்துன்னு பேரு, பின் வரிசையிலேர்ந்து கைய ஆட்டுறாரு, ஆட்டுறாரு. அவரும் தட்டுறாருன்னு நெனச்சிகினேன்.

எழுதி முடிச்சிட்டு மேடம் சொல்லுது: “அக்கா, ஒங்களுது ஸ்வாப்பு இல்ல. அந்தச் சட்டம் பேங்கு மாதிரி ஆளுங்க போடுற ஒப்பந்தத்துக்குத்தான். ஒங்க சோத்துப் பாக்கிக்கு நீங்க எல்லாரோடயும் வரிசையில நிக்கணும். கடைசியில எவ்ளோ கெடைக்கும், கெடைக்குமான்னே இப்ப சொல்ல முடியாது. ஆனா நீங்க வாங்கின புண்ணாக்கு மில்லுக்கு வர வேண்டிய பாக்கி. அத நீங்க கட்டிரணும்.”

“சோத்துல கழிச்சிக்கம்மா!”

“அப்டிக் கழிக்கத்தான்க்கா இப்ப முடியாது. அந்த வழி அவங்களுக்கு மட்டும்தான் தொறந்திருக்கு.”

இது இன்னா ஞாயம்மா? எனக்கு வர வேண்டியதுக்கு வரிசை, நான் குடுக்க வேண்டியதுக்கு ஜல்தி! மொதலாளியத் தவுர மில்லு ஆளுங்க யாருக்கும் புண்ணாக்கு போன விஷயமே தெரியாது. நானே மைக்க புடிச்சி ஊருக்கு சொல்லிட்டேன். எல்லாம் அந்த மைக்காலதான். அது கைக்கு வராம இருந்தா நான் பாட்டுக்கு வாய மூடிகினு இருந்திருப்பேன்.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து எங்க ஊட்டுக்காரரு என்னாண்ட பேசல. சாப்பாடு வேணும்னா மாட்டப் பாத்து “பசிக்குது”ன்னுவாரு. வண்டி வண்டியா புண்ணாக்குக்குத் துட்டு கட்டணும்னா மாட்டயே வித்துதான் கட்டணும். மூணும் போயிரும்மா. அதுல ஒண்ணு செனை. எனக்கு சோறே எறங்கல.

அப்பால மனசு கேக்காம மேடத்தாண்ட போயி அழுதுட்டேன். “வண்டி வண்டியான்னு சொன்னது ஒரு பெருமைக்கும்மா. வாங்குனது கொஞ்சந்தான்”னேன்.

“மைக்குல சொன்னது பதிவாயிருக்கேக்கா. கொஞ்சந்தான்னு நான் எத வெச்சி நம்புறது?”

எனக்கும் மூள இருக்குதில்ல? “எம் மாடுங்கள வந்து பாரும்மா! வண்டி வண்டியா புண்ணாக்கு துன்ன மாடாட்டமா இருக்குது? எலும்ப எண்ணிறலாம். அதப் பாத்துட்டு நீயே சொல்லு!”ன்னேன். சிரிச்சிட்டு, சரி வர்றேன்னுது. வந்து பாத்து, கொஞ்சந்தான்னு தெரிஞ்சா அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும் கட்டினா போதும்னு சொல்லிருச்சு. நல்ல பொண்ணும்மா அது.

நாளைக்குக் காலீல வருது! அதுக்குத்தான் நான் விழுப்புரம் வந்ததே. இந்தப் பையப் பாரு. கொம்புக்கு பெயிண்டு, நீலமும் செவப்பும். இது சலங்கை, கேளேன் சத்தத்த. கழுத்துக்குப் புதுக் கயிறு. மெட்ராஸுலேர்ந்து ஒரு ஆபீசரு நம்ப மாட்டப் பாக்கவே கார்ல வருதுன்னா, எலும்பும் தோலுமா நிறுத்த முடியுமா? ஊரு சிரிக்காது? அவங்க வரேன்னு சொன்ன அன்னிலேர்ந்து நல்லாத் தீனி போட்டுகினு இருக்குறேன். மில்லுதான் மூடியாச்சே, வேற கடையில கடன் சொல்லி புண்ணாக்கு, பருத்திக் கொட்ட, தவுடு… வேளா வேளைக்கு. இப்பப் பாக்கணுமே நீ! கொழுகொழுன்னு, மினுமினுன்னு, தடவினா கை வழுக்குது. அந்த மேடம் பாத்தா அசந்து—

இன்னாம்மா?

இன்னா சொன்ன? இம்மாந்நேரம் கம்முனு வந்துட்டு… திருப்பிச் சொல்லு.

…மாடு கொழுகொழுன்னு இருந்தா…

…

ஐயய்யோ!

இரு இரு, போன் எங்க, இந்த சலங்கய புடி… அலோ! யோவ்! நான்தான்யா! பேசலன்னா போவுது, காதுல மட்டும் வாங்கு. மாட்டுக்கு எதுனா வெச்சியா?… எப்போ?… ஒரு அன்னக்கூடையா! யாரு வெக்கச் சொன்னது?… சரி, நான்தான் சொன்னேன், இப்ப வேணாம்ன்றேன்! தொட்டியக் கவுத்துப் போடு!… இன்னும் கேட்டு கத்துதா? கத்தும்யா, கத்தாம இன்னா பண்ணும்?… குளிப்பாட்டி வேற வுட்டியா? பவுடரா? மாட்டுக்கு எதுக்குய்யா பவுடரு!… கொண்டும் போயி சேத்துல பொரட்டு!… எப்டி பொரட்றதுன்னா, எனக்கு இன்னா தெரியும்? தள்ளி வுடு!… மூணயும்தான்!… அலோ? அலோ?

வெச்சிட்டாரு. பேஜாரு புடிச்ச மனுஷன். இப்ப நான் இன்னா பண்றதுன்னு நீயே சொல்லும்…

அட, எங்க இந்தப் பொண்ணு? கண்டக்டரே! இங்க ஒக்காந்துகினு இருந்த பொண்ணு எங்க?… கூட்டேரிப்பட்டுலயே எறங்கிருச்சா? அது மெட்ராஸுக்குல்ல டிக்கெட்டு எடுத்துச்சு!

வாங்கண்ணே, ஒக்காருங்க, சீட்டு காலிதான். பைய அந்தாண்ட நவுத்திக்கிறேன்… ஏண்ணே, ஒங்களப் பாத்தா வெவசாயம் பண்றவரு மாதிரி இருக்குது. ஊட்ல மாடு கீடு இருக்குதா? நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலீலக்குள்ள மூணு மாடு எளைக்கணும்ணே. எதுனா வழி இருந்தா சொல்லுங்களேன்.